நாற்பது எஞ்சினீயர்களும் ஒரு ராவ் பகதூரும்

தனியாக இருக்கிறவனிடம் விழா நடத்தும் பொறுப்பைக் கொடுக்கக் கூடாது. நாலு பேர் வருவார்கள், பேசிக்கொண்டிருக்கலாம் என்ற ஆசையில் அவன் எதற்கும் தலையாட்டிவிடுவான். நாற்பது பேருக்கு இலை போட வேண்டும் என்றால், நாற்பதுதானா என்று கேட்பான். நான் கேட்டேன். அந்த லட்சணத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்கு மன்னார்குடிப் பக்கம். சென்னையில் எஞ்சினீயரிங் காலேஜில் படித்துப் பட்டம் வாங்கிக்கொண்டு நான் வெளியே வந்த நேரம் பார்த்து உலகம் முழுவதும் வியாபாரம் படுத்துவிட்டது. (என் ஜாதகத்தால்தான் படுத்தது என்று அப்பா கடைசிவரை நம்பினார்.) அணை கட்டப் போகிறேன், பாலம் கட்டப் போகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு வீட்டுக் கூடத்தில் நெடுநாள் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் யாரோ யாரிடமோ சொல்லி, ஜில்லா போர்டில் தற்காலிக சூப்பர்வைசராகத் தென்காசிக்குப் போகச் சொன்னார்கள். போனேன்.

தென்காசியில் எனக்கு ஒருவரையும் தெரியாது. ஓர் எண்ணெய்க் கடைக்கு மேலே மாடி அறை. ஜன்னலைத் திறந்தால் பெரிய கோயிலின் மொட்டைக் கோபுரம். எனக்கும் அதற்கும் ஒரு பொருத்தம் உண்டு என்று நினைத்துக்கொள்வேன். இரண்டு பேருக்கும் அஸ்திவாரம் பலம், மேலே ஒன்றும் இல்லை. சாப்பாடு, கீழே பிச்சையாவின் ஹோட்டலில். ஊர்ப் பேச்சு எனக்குப் பாதி புரியாது. வந்த புதிதில் ஒருவன், "சார்வாள், கொஞ்சம் அங்கன நில்லுங்க" என்றான். அங்கே என்கிறான் என்று தெரியாமல் நான் அங்கணத்தைத் தேடிக்கொண்டு போய்ச் சாக்கடை ஓரமாக நின்றேன். அன்றிலிருந்து யாரிடமும் அதிகம் பேச்சுக் கொடுப்பதில்லை. சாயங்காலமானால் ரயில் ஸ்டேஷனுக்கு நடந்துபோய், செங்கோட்டை பாசஞ்சர் வந்து போவதைப் பார்த்துவிட்டுத் திரும்புவேன். யாரும் எனக்காக அதில் வரவில்லை. இருந்தாலும் வண்டி வருகிறபோது எதிர்பார்த்துக்கொண்டு நிற்பவனைப் போல நிற்க முடியும் அல்லவா, அது பிடித்திருந்தது.

எனக்கு இருந்த ஒரே உறவு எங்கள் காலேஜின் பழைய மாணவர் சங்கம் வருஷத்துக்கு ஒருமுறை அனுப்புகிற மலர். கூடப் படித்தவர்கள், முன்னால் படித்தவர்கள் எல்லாருடைய பெருமையும் அதில் அச்சாகியிருக்கும். இன்னார் எக்ஸிகியூட்டிவ் எஞ்சினீயர் ஆனார், இன்னார் பர்மாவில் பாலம் கட்டினார், இன்னாருடைய பெயருக்குப் பின்னால் லண்டனிலிருந்து மூன்று எழுத்துகள் வந்து சேர்ந்தன. நான் அதைச் சாப்பிடும்போது படிப்பேன், படுக்கையில் படிப்பேன், ஜல்லிக் குவியலை அளக்கப் போகும்போது மாட்டு வண்டியில் படிப்பேன். ஒரு வருஷம் என் பெயரும் அதில் வந்துவிட்டது. 'முகவரி தெரியாதவர்கள்' என்ற தலைப்பின் கீழே இருந்தது. மலர் என் முகவரிக்குத்தான் வந்திருந்தது.

அந்த ஆத்திரத்தில்தான் சங்கக் காரியதரிசிக்கு எழுதினேன். நான் தென்காசியில் இருக்கிறேன், உயிரோடு இருக்கிறேன், பக்கத்தில் குற்றாலம் இருக்கிறது, சாரல் காலத்தில் அங்கே சங்கத்தின் ஆண்டு விழாவை வைத்தால் சகல ஏற்பாடும் என் பொறுப்பு. எழுதித் தபாலில் போட்ட பிறகுதான் யோசித்தேன். அதற்குள் பதில் வந்துவிட்டது. அருமையான யோசனை. பெரிய அணையைக் கட்டி, ராவ் பகதூர் பட்டம் வாங்கி, உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றிருக்கிற நம் மூத்த மாணவருக்கு அங்கேயே பாராட்டும் நடத்திவிடலாம். சுமார் நாற்பது பேர் வருவோம்.

நாற்பது எஞ்சினீயர்கள். அதில் யாராவது ஒருவராவது என்னோடு ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றிப் பேச மாட்டாரா? ராவ் பகதூர் யாரிடமாவது ஒரு வார்த்தை சொன்னால் என்னுடைய 'தற்காலிகம்' போய்விடாதா? விழாவில் ஒவ்வொருவரும் எழுந்து தான் செய்த சாதனையைச் சொல்வது வழக்கம் என்று மலரில் படித்திருந்தேன். எனக்கும் ஒரு பேச்சைத் தயார் செய்தேன். அதில் நான் கட்டிய மாட்டுத் தண்ணீர்த் தொட்டி 'நீர்த்தேக்கத் திட்டம்' ஆகியிருந்தது.

ஏற்பாடுகளில் எனக்குக் கைகொடுத்தவர் காண்டிராக்டர் ஆறுமுகம் அண்ணாச்சி. ரோடு வேலைக்கு ஆள் கொண்டுவருவது அவர் தொழில். அருவிக்குப் பக்கத்தில் ஒரு ஜமீன் பங்களாவை அவர்தான் கேட்டு வாங்கிக் கொடுத்தார். சமையலுக்குப் பிச்சையா. வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு போக ஸ்டேஷன் வாசலில் ஒரு பஸ், மூட்டை முடிச்சுக்கு இரண்டு வண்டி. பிளாட்பாரத்தில் நாதஸ்வரம். (அது என் யோசனை. வேண்டாம் என்று அண்ணாச்சி சொன்னார்.)

விழா நாள் காலையில் ரயில் வந்து நின்றது. நாதஸ்வரக்காரர் மல்லாரியை ஆரம்பித்தார். முதல் வகுப்புக் கதவைத் திறந்துகொண்டு ஒரு கிழவர் இறங்கினார். ஒல்லியான உடம்பு, அதற்கு இரண்டு மடங்கு கோட்டு, ஜரிகைத் தலைப்பாகை, கையில் குடை. அவருக்குப் பின்னால் ஒரு டிரங்குப் பெட்டி இறங்கியது. அதற்குப் பின்னால் ஒருவரும் இறங்கவில்லை. ரயில் ஊதிவிட்டுச் செங்கோட்டைக்குப் போய்விட்டது. மல்லாரி மட்டும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.

"நீதான் தென்காசி சூப்பர்வைசரா?" என்றார் ராவ் பகதூர். "மற்றவர்கள் எங்கே?"

எனக்கு என்ன வந்ததோ தெரியாது. "எல்லாரும் நேற்றே வந்துட்டாங்க சார். அருவியில் குளிச்சுக்கிட்டு இருக்காங்க" என்றேன். அடுத்த வண்டியில், திருநெல்வேலி பஸ்ஸில், எப்படியும் வந்துவிடுவார்கள் என்ற நம்பிக்கையில் சொன்னது. நாற்பது பேர் உட்கார வேண்டிய பஸ்ஸில் நாங்கள் இரண்டு பேரும் முன் சீட்டில் ஒருவர் பக்கத்தில் ஒருவராக உட்கார்ந்து குற்றாலத்துக்குப் போனோம். வழியெல்லாம் சாரல். அவர் ஒருமுறை திரும்பிக் காலி சீட்டுகளைப் பார்த்தார்.

பங்களாவில் அவர் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது தந்திச் சேவகன் வந்தான். சங்கக் காரியதரிசி அடித்திருந்தார். சீப் எஞ்சினீயர் மகளின் கல்யாணம் அன்றைக்கே சென்னையில் நிச்சயமாகிவிட்டது, அங்கத்தினர் எல்லாரும் அங்கே போகிறார்கள், விழாவை ஒத்திவைக்கவும், ராவ் பகதூருக்கு உடனே தெரிவிக்கவும்.

நியாயம்தானே. எல்லாருக்கும் அடுத்த பிரமோஷனைக் கொடுக்க வேண்டியவர் சீப் எஞ்சினீயர். ராவ் பகதூர் ஓய்வு பெற்றவர், கொடுக்க வேண்டியதை எல்லாம் கொடுத்து முடித்தவர். நான் தந்தியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். அவர் டவரா விளிம்புக்கு மேலாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏதாவது முக்கியமா?"

"கல்யாணச் செய்தி சார்" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

"சரி, வா. அருவியில் நம் பையன்களைப் பார்க்கலாம்."

தண்ணீர் அதிகம், பாறை வழுக்கும், ஜலதோஷம் பிடிக்கும் என்று எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குடையை எடுத்துக்கொண்டு நடந்தார். அருவியில் நல்ல கூட்டம். உடம்பெல்லாம் எண்ணெயும் இடுப்பில் ஒரு துண்டுமாக நிற்கிறவர்களில் எஞ்சினீயர் யார், எருமை மேய்க்கிறவர் யார் என்று யாரால் சொல்ல முடியும்? எனக்குத் தைரியம் வந்தது. ஒரு வழுக்கைத் தலையைக் காட்டி, "அவர் மதுரை எக்ஸிகியூட்டிவ் எஞ்சினீயர்" என்றேன். பாறையில் குப்புறப் படுத்து எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு முதுகைக் காட்டி, "அவர் பர்மா பாலம்" என்றேன். நேராக அருவிக்கு அடியில் மலை மாதிரி ஒருவர் நின்றுகொண்டிருந்தார். "அவர்தான் சார் குகை. மலையைக் குடைந்து ரயில் பாதை போடுவதில் நிபுணர்."

ராவ் பகதூர் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அந்த மலையைப் பார்த்துக் கை கூப்பினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த மனிதரும் கை கூப்பினார். அப்படியே ராவ் பகதூர் வழுக்கைத் தலைக்கும் முதுகுக்கும் கும்பிடு போட்டார். முதுகு திரும்பவில்லை.

திரும்பி வந்து அவரை ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டுப் பின்கட்டுக்கு ஓடினேன். ஆறுமுகம் அண்ணாச்சி வாழையிலைக் கட்டின் மேல் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன சார்வாள், மொகத்தைப் பாத்தா எழவு வீட்டுல துட்டி கேக்கப் போறவுக மாரி இருக்கு?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அழுதுவிடுவேன் போலிருந்தது. அண்ணாச்சி நிதானமாக எழுந்துபோய்த் துப்பிவிட்டு வந்தார்.

"அப்ப யாரும் வரலை."

"வரலை."

"அந்தப் பெரியவருக்குத் தெரியாது."

"தெரியாது. சொன்னா தாங்குவாரா அண்ணாச்சி? அவ்வளவு பெரிய அணையைக் கட்டினவர். ஒருத்தன்கூட வரலைன்னு எப்படிச் சொல்றது?"

"ஆளுதான வேணும்? ஆளு கொண்டாரதுதான நம்ம தொழிலே. நாப்பது போதுமா?"

"எஞ்சினீயர் வேணும் அண்ணாச்சி."

"கோட்டு மாட்டுனா எஞ்சினீயரு. நீரு மாட்டலையா?" என்றார்.

"அந்தக் குண்டான ஆள் ஒருத்தர் கண்டிப்பா வேணும். அவரைக் குகைன்னு சொல்லிட்டேன்."

"அருவிக்கு நேரா நின்னவரா? அது நம்ம சுரண்டை ஜவுளிக்கடை சொக்கலிங்கம்லா. அவருக்கு நாடகத்துல ஆசை உண்டு. சொன்னாச் சந்தோசமா வருவாரு."

நாலு மணிக்கு விழா. பங்களாவின் கூடத்தில் மாலையும் கையுமாக நான் நின்றேன். அவர்கள் வந்தார்கள். தென்காசியில் கோர்ட்டுக்கு லீவு. வக்கீல்களின் கறுப்புக் கோட்டுகள் எல்லாம் சலவைக்காரர் வீட்டில் இருந்தன. அண்ணாச்சி அவற்றை அப்படியே வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார். ரோட்டுக்குக் கப்பிக்கல் போடுகிறவர்கள், வண்டிக்காரர்கள், அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள், காலையில் வாசித்த நாதஸ்வரக்காரர், எல்லாரும் கறுப்புக் கோட்டில். கோட்டு கிடைக்காதவர்கள் கழுத்தில் அங்கவஸ்திரம். சாம்பாரை இறக்கி வைத்துவிட்டுப் பிச்சையாவும் ஒரு கோட்டை மாட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். கூடம் முழுவதும் பெருங்காய வாசனை. கடைசியாக, தங்கப் பொத்தான் வைத்த சொந்தக் கோட்டில், மல்வேட்டி சரசரக்க, சொக்கலிங்கம் அண்ணாச்சி நுழைந்தார். நேராக மேடைக்குப் போய் ராவ் பகதூரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

என் திட்டம் எளிமையானது. மாலை போடுவது, நான் வரவேற்புப் படிப்பது, அவர் பேசுவது, எல்லாரும் கைதட்டுவது, இலை போடுவது. 'நான் கையைத் தூக்கினால் தட்டுங்கள். மற்றபடி யாரும் வாயைத் திறக்கக் கூடாது' என்று சொல்லியிருந்தேன். வரவேற்பு நடுவில் வேர்வையைத் துடைக்கக் கையைத் தூக்கினேன். தட்டிவிட்டார்கள். அது பரவாயில்லை.

ராவ் பகதூர் எழுந்தார். கோட்டுப் பையிலிருந்து தடியான பேச்சுத் தாளை எடுத்தார். கூட்டத்தை ஒருமுறை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை பார்த்தார். தாளைத் திரும்பப் பைக்குள் வைத்துவிட்டார்.

"என் கதை எனக்கே அலுத்துப் போச்சு. நீங்க சொல்லுங்க, நான் கேட்கிறேன். எந்த வருஷம் காலேஜை விட்டீங்க, என்ன கட்டினீங்க? ஒவ்வொருத்தரா எழுந்து சொல்லலாம்."

அவர் விரல் முதலில் காட்டியது பிச்சையாவை.

பிச்சையா எழுந்தான். என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

"எந்த வருஷம்?"

"பெரிய வெள்ளம் வந்துச்சுல்லா, அந்த வருசம் எசமான்."

"என்ன கட்டினீங்க?"

"பொட்டணம் எசமான். மிச்சரு, காராச்சேவு, எல்லாம் கட்டுவேன்."

யாரும் சிரிக்கவில்லை. வாயைத் திறக்கக் கூடாது என்று நான் சொன்னதை மற்றவர்கள் மரியாதையாகக் காப்பாற்றினார்கள். ராவ் பகதூர் தலையை ஆட்டி, "உட்காருங்க" என்றார். விரல் அடுத்து சொக்கலிங்கத்துக்குப் போயிற்று. கூப்பிடுவதற்கு முன்பே அவர் எழுந்து நின்று, ஒரு கையை இடுப்பில் வைத்திருந்தார்.

"நான் லண்டன்லயும் படிச்சேன், இங்கனயும் படிச்சேன். செங்கோட்டையத் தாண்டிப் போனா மலையில குகை இருக்குல்லா? ரயிலு போவுமே, கொல்லத்துக்கு. அது நான் போட்டது."

"அந்தக் குகையா?" ராவ் பகதூர் முன்னால் சாய்ந்தார். "அது போட்டு ரொம்ப வருஷம் ஆச்சே. அப்போ உங்களுக்கு என்ன வயசு?"

சொக்கலிங்கம் விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். நாடகத்தில் ஆசை இருந்தாலும் அவர் வியாபாரி. கணக்கில் பொய் சொல்ல வராது.

"ஏழு இருக்கும்" என்றார்.

"கெட்டிக்காரர்" என்றார் ராவ் பகதூர்.

நான் ஜன்னலைப் பார்த்தேன். கம்பி போட்டிருந்தது.

அடுத்து எழுந்தவர் ரோடு வேலை மேஸ்திரி சுடலைமுத்து. வெயிலில் காய்ந்த முகம், கைக்குப் போதாத கறுப்புக் கோட்டு. வருஷத்தை அவரிடம் கேட்கவில்லை.

"நீங்க எத்தனை கட்டினீங்க?"

"ரெண்டு எசமான்" என்றார் சுடலைமுத்து. அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது. கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொன்னார். "மூத்தவ போன ஐப்பசியில தவறிட்டா. ரெண்டாவது கட்டினவ அதுக்கு முன்னயே அவ ஆத்தா வீட்டுக்குப் போயிட்டா. இப்ப ஒத்தையாத்தான் கெடக்கேன்."

பின்னால் யாரோ ஒருவர் வந்த சிரிப்பை இருமலாக மாற்றினார். ராவ் பகதூர் சிரிக்கவில்லை.

"நான் ஒண்ணுதான் கட்டினேன்" என்றார். "அவளும் தவறிட்டா."

சுடலைமுத்து உட்காரவில்லை. "கஞ்சி யாரு காய்ச்சுதா?" என்று கேட்டார்.

"ஒரு சமையல்காரன் இருக்கான்."

"அப்ப பரவால்ல எசமான்" என்று சொல்லி உட்கார்ந்தார்.

இதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். ராவ் பகதூரின் விரல் என் பக்கம் திரும்பியது.

"நீ சொல்லு. நீ என்ன கட்டினே?"

என் பேச்சு என் சட்டைப் பையில் இருந்தது. நீர்த்தேக்கத் திட்டம், போக்குவரத்து மேம்பாடு எல்லாம் அதில் இருந்தன. ஆனால் எதிரே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் அந்த வேலைகளில் கல் சுமந்தவர்கள். நான் என்ன செய்ய? "ஆய்க்குடியில் மாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டி ஒண்ணு கட்டினேன் சார்" என்றேன்.

"ஒழுகும்" என்றது ஒரு குரல்.

வாயைத் திறக்கக் கூடாது என்ற என் உத்தரவு அந்த இடத்தில் காலாவதியானது. அவர்கள் என்னைக் காட்டிக்கொடுப்பதற்காகச் சொல்லவில்லை. தெரிந்ததைச் சொல்லி எனக்கு ஒத்தாசை செய்கிறதாகத்தான் நினைத்தார்கள். அதுதான் கொடுமை.

"ஒழுகுதது நல்லதுக்குத்தான் எசமான். அதுக்குக் கீழ எங்க மதினி கீரை போட்டிருக்கா. என்னமா வருது தெரியுமா?"

"சுரண்டை ரோட்டுல சார்வாள் ஒரு பாலம் கட்டுனாவ. ஓடை இந்தப் பக்கமா வரும்னு நெனச்சுக் கட்டுனாவ. அது அந்தப் பக்கமா போவுது. பாலத்துக்கு அடியில ஆடு படுக்கும். நல்ல நெழலு."

"பண்பொழியில சுவரு கட்டுனாவல்லா, அதச் சொல்லுலே."

"அது சாஞ்சிருக்கு. ஆனா விழல எசமான். வருசம் போயிட்டு, இன்னும் விழல."

"சார்வாள் பாவம் எசமான்" என்று பிச்சையா எழுந்தான். நான் எவ்வளவு சைகை காட்டியும் அவன் பார்க்கவில்லை. "ஒத்தையில இருக்காவ. ஒருத்தர்ட்டயும் பேச மாட்டாவ. தெனம் சாயங்காலம் டேசனுக்குப் போயி நிப்பாவ. யாரு வருதான்னு கேட்டா யாரும் இல்லம்பாவ. ரயிலு போன பொறவு மெதுவா நடந்து வருவாவ. அன்னைக்கு ராத்திரி ரெண்டு தோசைக்கு மேல எறங்காது. நான் கணக்கு வெச்சிருக்கேன்லா."

நான் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தேன் என்றால் நாற்காலியில் இல்லை, மாலைக் கூடையின் மேல். ஊரில் என்னை ஒருவரும் கவனிக்கவில்லை என்று அத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தவன் நான். இப்படி அங்குலம் அங்குலமாகக் கவனித்திருப்பார்கள் என்று தெரிந்திருந்தால் வேறு ஊருக்கு மாற்றல் கேட்டிருப்பேன்.

அப்போதுதான் ராவ் பகதூர் சிரித்தார். முதலில் தோள் குலுங்கியது. பிறகு தலைப்பாகையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "எனக்கு எத்தனையோ ஊரில் பாராட்டு நடத்தியிருக்காங்க. ஒருத்தராவது தொட்டி ஒழுகுதுன்னு சொன்னதில்லை. என் அணையும் ஒழுகத்தான் ஒழுகுது. வருஷக் கணக்காக ஒழுகுது. எனக்கு முன்னால் யாரும் வாயைத் திறக்கிறதில்லை."

"அதுக்குக் கீழ கீரை போட்டிருக்காவளா எசமான்?" என்று கேட்டார் சுடலைமுத்து.

"விசாரிக்கணும்" என்றார் ராவ் பகதூர்.

இலை போட்டார்கள். அத்தனை எஞ்சினீயர்களும் கோட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுச் சாப்பிட்டார்கள். ராவ் பகதூரும் கோட்டைக் கழற்றினார். கழற்றிய பிறகு அவர் ரொம்பச் சின்னதாக இருந்தார். அவருக்கு இந்தப் பக்கம் சுடலைமுத்து, அந்தப் பக்கம் சொக்கலிங்கம். ரசம் வருவதற்குள் சொக்கலிங்கம் தன் குகைக்குள்ளே ஒரு ஸ்டேஷனும் கட்டிவிட்டார்.

எல்லாரும் போன பிறகு, வெளிச்சம் மங்குகிற நேரம், வராந்தாவில் நாங்கள் இரண்டு பேரும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். தந்தியை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"கல்யாணம்தானே? சென்னையில்."

"உங்களுக்குத் தெரியுமா சார்?"

"ஸ்டேஷன்ல நான் ஒருத்தன் இறங்கினதும் தெரிஞ்சுபோச்சு. கல்யாணம்னு நீ சொன்னதும் யாருடையதுன்னு தெரிஞ்சுபோச்சு. அந்தப் பையனுக்கு லெவல் பார்க்கச் சொல்லிக் கொடுத்தவன் நான். அவன் சீப் எஞ்சினீயர் ஆனப்போ முதல் மாலை நான்தான் போட்டேன். எனக்குப் பத்திரிகை வரலை. மறந்திருப்பான். ஆயிரம் வேலை இருக்கும்."

"அப்படின்னா எதுக்கு சார் எல்லாரையும் எழுப்பிக் கேள்வி கேட்டீங்க? எனக்கு உயிரே போயிடுச்சு."

"நாற்பது பேரைக் கோட்டு மாட்டிக் கூட்டிக்கிட்டு வந்திருக்கியே. பேசாமல் அனுப்பினா அவங்களுக்கு என்ன மரியாதை?" என்றார். பிறகு, "உன் உத்தியோக விஷயமா என்கிட்ட ஏதோ கேட்கணும்னு இருந்தே இல்லையா?" என்று கேட்டார்.

"இல்லை சார்" என்றேன்.

"கேட்டிருந்தாலும் பிரயோசனம் இல்லை. என் பேச்சு இப்போ எடுபடாது. உன் தொட்டி மாதிரிதான் நானும்."

மறுநாள் காலை வண்டிக்குப் போக வேண்டியவர் போகவில்லை. சாரல் முடிகிறவரை இருந்தார். பகல் முழுவதும் என்னுடன் வண்டியில் வந்து, ஆய்க்குடித் தொட்டியில் விரலை விட்டுப் பார்த்தார், சுரண்டைப் பாலத்துக்கு அடியில் ஆட்டோடு ஆடாக உட்கார்ந்து பிச்சையாவின் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டார். பிறகு ஒவ்வொரு வருஷமும் சாரலுக்கு வந்தார். ஒரு வருஷம் வரவில்லை. ஏன் என்று பத்திரிகையில் பார்த்துத் தெரிந்துகொண்டோம். சுடலைமுத்து அன்றைக்கு வேலைக்கு வரவில்லை.

அவர் செய்த ஒரு விஷமத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். விழாவைப் பற்றி ஓர் அறிக்கை எழுதிச் சங்கத்துக்கு அனுப்பிவிட்டார். சமீப காலத்தில் இவ்வளவு பேர் திரண்ட விழா வேறில்லை என்றும், குகை நிபுணர் சொக்கலிங்கம், ரோடு நிபுணர் சுடலைமுத்து, பொதி கட்டும் துறையைச் சேர்ந்த பிச்சையா ஆகியோர் உரையாற்றினார்கள் என்றும் மலரில் அச்சாகியது. என் பெயரை இடமின்மை காரணமாக நீக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு வருஷா வருஷம் சங்கத்தின் அழைப்பு சுரண்டை ஜவுளிக்கடைக்குப் போனது. அவர் அதைக் கண்ணாடி போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்தார். தெருவில் எல்லாரும் அவரைக் குகை அண்ணாச்சி என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள்.

எங்கள் வீட்டுப் பேச்சிலும் அவர் நிரந்தரமாகத் தங்கிவிட்டார். எனக்குக் கல்யாணமாகி, முதல் முறையாக மனைவியிடம் என் பெருமைகளைச் சொல்லிக்கொண்டிருந்தபோது நடுவில் இந்தக் கதையையும் சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து நான் எதையாவது கட்டினேன், சாதித்தேன் என்று ஆரம்பித்தால், "அப்போ உங்களுக்கு என்ன வயசு?" என்று கேட்பாள். ஏழு என்று சொல்லும்வரை விட மாட்டாள். சொன்னால் "கெட்டிக்காரர்" என்பாள். பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். பரீட்சையில் முதல் மார்க்கு, பந்தயத்தில் கோப்பை, எதைக் கொண்டுவந்தாலும் வாசலிலேயே இந்தக் கேள்வி நிற்கும்.

என் மகன் அதே காலேஜில் படித்தான். நான் கட்டாததை எல்லாம் கட்டினான். போன மாதம் பழைய மாணவர் சங்கம் அவனுக்குப் பாராட்டு நடத்தியது. பெரிய மண்டபம். எனக்கு நடுவில் எங்கோ ஒரு நாற்காலி. இந்தப் பக்கமும் தெரியாதவர், அந்தப் பக்கமும் தெரியாதவர். அவன் அம்மா இருந்திருந்தால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். காரியதரிசி மூச்சு விடாமல் படித்துக்கொண்டே போனார்: இத்தனை அணைகள், இத்தனை பாலங்கள், மலையைக் குடைந்து இத்தனை குகைகள். குகை என்றதும் என் மகன் நிமிர்ந்து, கூட்டத்தில் என்னைத் தேடினான். கண்டுபிடித்தான். நான் சும்மா இருந்திருக்கலாம். உதட்டை மட்டும் அசைத்து, "என்ன வயசு?" என்றேன்.

கழுத்து நிறைய மாலையோடு உட்கார்ந்திருந்தவன் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டான். அழுகிறான் என்று நினைத்துப் பக்கத்தில் இருந்த தலைவர் அவன் முதுகைத் தட்டிக் கொடுத்தார்.